வாசகர் கேள்வி – பதில்: நோர்வேயின் நிலமும் நீரும் வானமும்

நம் திருகோணமலை மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் நோர்வேயில் வாழ்வதாலோ என்னவோ, அந்நாட்டின் குளிர், கடல், இருட்டு, மழை பற்றிய கேள்விகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் புவியியல் சார்ந்தவற்றை இவ்விதழில் ஒருசேர எடுத்துக்கொண்டுள்ளோம். உயரம், நீளம், வெப்பநிலை ஆகியவற்றைக் கூறும் எண்களை மனப்பாடம் செய்வது எளிது. அந்த எண்கள் ஏன் அப்படி அமைந்தன என்பதை அறியும்போதுதான் ஒரு நாடு விளங்கத் தொடங்குகிறது. ஆகவே விடைகளில் காரணங்களுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

உப்புவெளியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர்: ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள நோர்வேத் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை என்று படித்தேன். அதே அகலக்கோட்டில் சைபீரியா உறைந்து கிடக்கும்போது நோர்வே மட்டும் தப்புவது எவ்வாறு?

நல்ல கேள்வி. இதற்கு 'வளைகுடா நீரோட்டம்' என்று ஒரே சொற்றொடரை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும் மாணவர்கள் பலர் உள்ளனர். அது அரை விடைதான்.

முதலில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். லொபோட்டன் தீவுக்கூட்டத்தின் தென்கோடியிலுள்ள ரோஸ்ட் என்னும் சிறு தீவும், ரஷ்யாவின் சைபீரியாவிலுள்ள வெர்கோயான்ஸ்க் என்னும் ஊரும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில், அதாவது வடக்கு 67.5 பாகையில் அமைந்துள்ளன. ரோஸ்டில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலேயே நிற்கிறது; வெர்கோயான்ஸ்க்கில் அது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ். சூரியன் இரண்டு ஊர்களுக்கும் அளிக்கும் ஒளி ஒரே அளவானது. ஆகவே வேறுபாட்டைச் சூரியனில் தேடிப் பயனில்லை; கடலிலும் காற்றிலும்தான் தேட வேண்டும்.

மெக்சிக்கோ வளைகுடாப் பக்கமிருந்து புறப்படும் வெப்ப நீரோட்டம் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து, வட அத்திலாந்திக் நீரோட்டமாக ஐரோப்பாவை அணுகி, அதன் ஒரு கிளை நோர்வேக் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்கிறது. இது விடையின் ஒரு பாதி. மறு பாதி காற்றைச் சார்ந்தது. நடு அகலக்கோடுகளில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும் மேலைக்காற்றுகள், கோடை முழுவதும் வெப்பத்தைச் சேமித்து வைத்த கடலின் மேலாக வந்து, அந்த வெப்பத்தைக் குளிர்காலத்தில் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நீரோட்டம் இருந்தும் காற்று எதிர்த்திசையில் வீசியிருந்தால் நோர்வே இவ்வளவு பயன் பெற்றிருக்காது. வெர்கோயான்ஸ்க்கோ கடலின் வெப்பம் எட்டாத பெருநிலத்தின் நடுவே கிடக்கிறது. நிலம் வெப்பத்தை விரைவில் இழந்துவிடும் இயல்புடையது.

ஆனால் நோர்வே முழுவதும் இப்படி இதமானது என்று எண்ணிவிட வேண்டாம். நாட்டின் நீளவாட்டில் ஓடும் மலைத்தொடர் கடற்காற்றை மறித்துவிடுவதால், உள்நாடு சைபீரியாவைப் பின்பற்றத் தொடங்கிவிடுகிறது. வடக்கே கராஸ்யோக் என்னும் உள்நாட்டு ஊரில் 1886 ஜனவரி 1 ஆம் நாள் பதிவான பூச்சியத்துக்குக் கீழே 51.4 பாகை செல்சியஸே அந்நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலையாகும். அதே வேளை, தெற்கிலுள்ள ஒஸ்லோவுக்கு 1,000 கிலோமீற்றருக்கும் அப்பால் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிக் கரையோரத்தில் இருக்கும் துரொம்சோ நகரின் ஜனவரிச் சராசரி, ஒஸ்லோவின் சராசரியை ஒட்டியே பூச்சியத்துக்குக் கீழே சில பாகை அளவில் நின்றுவிடுகிறது. கடுங்குளிர் ஆண்டுகளில் ஒஸ்லோ நுழைகழியின் (நிலத்துக்குள் ஒடுங்கி நுழையும் கடலின்) உட்பகுதி உறைவதுண்டு. துரொம்சோத் துறைமுகம் உறைவதில்லை. பரீட்சையில் இந்த ஒப்பீட்டை எழுதினீர்களானால் அகலக்கோடு, கடல், மலை ஆகிய மூன்றின் பங்கையும் ஒரே உதாரணத்தில் காட்டிவிடலாம்.

இன்னொன்றையும் நம் ஊர்க்காரர் என்ற வகையில் நீங்கள் எளிதில் விளங்கிக்கொள்வீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, இப்பக்கம் வறண்டு சூடாக இறங்கும்போது அதைக் கச்சான் என்கிறோம். உயர ஏறும் காற்றில் நீராவி ஒடுங்கி மழையாகும்போது அதிலிருந்த மறைவெப்பம் வெளிப்படுகிறது. மறுபக்கம் இறங்கும்போது காற்று அமுக்கப்பட்டு மேலும் சூடேறுகிறது. இதே பொறிமுறை நோர்வேயிலும் செயற்படுகிறது. மேற்குப் பகுதியில் மலைகளின் அடிவாரத்திலுள்ள சுண்டால்சோரா என்னும் ஊரில் 2020 ஜனவரி 2 ஆம் நாள், நடுக்குளிர்காலத்தில், வெப்பமானி 19.0 பாகை செல்சியஸைக் காட்டியது. அங்கு அன்று மலையிறங்கி வீசியதும் கச்சான் இனத்துக் காற்றே.

துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்: நமது துறைமுகமும் மலைகள் சூழ, ஆழம் மிக்கதாக இருக்கிறது. இதையும் நோர்வேயின் நுழைகழிகளைப் போன்றது என்று கூறலாமா?

தோற்றத்தில் ஒற்றுமை உண்டு ஐயா, பிறப்பில் இல்லை. நுழைகழி என்பது பனிக்கட்டியாறு செதுக்கிய பள்ளத்தாக்கில் பின்னர் கடல்நீர் புகுந்ததால் உண்டானது. கடந்த பனிக்காலத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், ஸ்கன்டிநேவியா முழுவதும் கிலோமீற்றர்க் கணக்கான தடிப்புள்ள பனிக்கட்டியின் கீழ்க் கிடந்தது. அந்தப் பாரம் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே கடலை நோக்கி நகர்ந்தபோது, அடியில் அகப்பட்ட கற்களைக் கொண்டு பாறையை அரைத்து ஆழப்படுத்தியது. 8.5 பாகை அகலக்கோட்டில், கடல் மட்டத்தில் இருக்கும் திருகோணமலை எந்தப் பனிக்காலத்திலும் பனிக்கட்டியின் கீழ் இருந்ததில்லை.

இரண்டையும் பிரித்தறிய ஒரு திட்டமான வழி, ஆழம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று பார்ப்பதாகும். நோர்வேயின் மிக நீளமான சொக்ன நுழைகழி 205 கிலோமீற்றர் தூரம் நாட்டுக்குள் நுழைகிறது. நாம் கொழும்புக்குச் செல்லும் தெருவழித் தூரத்தில் அது முக்காற்பங்குக்கும் கூடுதலானது. அதன் உட்பகுதியில் ஆழம் 1,308 மீற்றர்வரை செல்கிறது. ஆனால் கடலோடு சேரும் வாயிலில் 200 மீற்றர்கூட இல்லை. கடலை அணுகிய பனிக்கட்டி விரிந்து, மெலிந்து, மிதக்கத் தொடங்கியதும் அரைக்கும் வலுவை இழந்துவிட்டதே காரணம். அதனால் வாயிலில் பாறை வாசற்படியைப் போல உயர்ந்து நிற்கிறது. நமது நிலை இதற்கு நேர்மாறானது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, வெளியே செல்லச் செல்ல ஆழ்ந்து, 3,000 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தை அடைகிறது. திமிங்கிலங்கள் நம் கரைக்கு இவ்வளவு அருகே வருவதற்கும் கரையோரத்திலேயே கிடைக்கும் இந்த ஆழம் உதவுகிறது.

நுழைகழிகளின் விளைவைக் கரையோர நீளத்தில் காணலாம். உள்நுழைவுகளையும் தீவுகளையும் கணக்கில் எடுக்காவிட்டால் நோர்வேயின் கரை ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர். எல்லாவற்றையும் சேர்த்து அளந்தால் அது 100,000 கிலோமீற்றரைத் தாண்டுகிறது. எதிர்க்கரையில் தெரியும் ஊருக்குப் போக நாள் முழுதும் சுற்ற வேண்டிய நிலத்தில் மக்கள் எப்படி வாழ்வார்கள் என்பதை, 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை பாதைப் படகுக்குக் காத்து நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கும் வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகுச் சேவைகள் தெருவின் தொடர்ச்சியாகவே இயங்குகின்றன. பல இடங்களில் மலையையும் கடலடியையும் குடைந்து சுரங்கப் பாதைகள் அமைத்துள்ளனர். 2000 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லார்டால் சுரங்கம் 24.5 கிலோமீற்றர் நீளமுடையது. உலகின் மிக நீளமான வாகனச் சுரங்கம் அதுவே.

மூதூரிலிருந்து தாய் ஒருவர்: ஒஸ்லோவில் படிக்கும் என் மகள் மார்கழி மாதத்தில் மாலை மூன்றரைக்கே இருட்டிவிட்டது என்கிறாள். வடக்கே சில ஊர்களில் இரண்டு மாதம் சூரியனே வராதாம். இது உண்மையா? உடம்புக்குக் கேடில்லையா?

உங்கள் மகள் கூறுவது முற்றிலும் உண்மை அம்மா. டிசெம்பர் பிற்பகுதியில் ஒஸ்லோவில் சூரியன் காலை ஒன்பதே கால் மணியளவில் எழுந்து, பிற்பகல் மூன்றே கால் மணிக்கு முன்னரே மறைந்துவிடுகிறது. குளிர்காலத்தில் அவர்களின் நேரம் நம்முடைய நேரத்துக்கு நாலரை மணித்தியாலம் பிந்தியது. ஆகவே இங்கே இரவு எட்டு மணிக்கு நீங்கள் அழைக்கும்போது அங்கே பிற்பகல் மூன்றரை. யன்னலுக்கு வெளியே இருளும் நேரம். ஜூன் மாதத்திலோ அதே ஒஸ்லோவில் சூரியன் காலை நாலு மணிக்கு முன் எழுந்து இரவு பத்தே முக்கால் மணியளவில்தான் மறையும். அப்போது நேர வேறுபாடு மூன்றரை மணித்தியாலமாகக் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம். குளிர்காலத்தில் வடமுனை சூரியனுக்கு அப்பால் சாய்ந்துவிடுகிறது. மத்தியகோட்டுக்கு அருகே வாழும் நமக்கு அச்சாய்வு பெரிதாகத் தெரிவதில்லை. திருகோணமலையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலம்தான். வடக்கே செல்லச் செல்ல வேறுபாடு வளர்ந்து, 66.5 பாகைக்கு அப்பால் சூரியன் எழாத நாள்களும் மறையாத நாள்களும் உண்டாகின்றன. துரொம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழுவதில்லை. ஆயினும் அது நாள் முழுதும் நீடிக்கும் நள்ளிரவன்று. நடுப்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மூன்று பாகை அளவே கீழே இருப்பதால், சில மணித்தியாலங்கள் நீலம் படர்ந்த வெளிச்சம் கிடைக்கிறது. கடைகளும் பள்ளிக்கூடங்களும் வழமைபோல் நடைபெறுகின்றன.

தெற்கிலும் சூரியனைக் காணாத ஊர் ஒன்றுண்டு. ருயூக்கான் என்னும் தொழில் நகரம் செங்குத்தான மலைகளுக்கிடையில் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் அடியில் அமைந்திருப்பதால், செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச்வரை மலை நிழலிலேயே கிடக்கிறது. அந்நகரை உருவாக்கிய தொழிலதிபர் சாம் ஏய்ட காலத்தில், நகர மக்கள் மலைமேல் சென்று வெயில் காய்வதற்கென்றே 1928 இல் கம்பித்தொங்குவண்டி அமைத்துக் கொடுத்தார்கள். 2013 இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, அவை சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி நகரச் சதுக்கத்தின் மீது ஒளியைத் தெறிக்கச் செய்தார்கள். மக்கள் அந்த ஒளிவட்டத்துக்குள் வந்து நின்று முகத்தை உயர்த்துகிறார்கள். வெயிலுக்கு ஒதுங்கி வேப்பமர நிழல் தேடும் நமக்கு, வெயில் என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை உணர்த்தும் செய்தி இது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, குளிர்கால மாதங்களில் அங்குள்ள வெயில் தோலில் விற்றமின் டி உண்டாக்கப் போதுமானதாக இல்லை. நம்மைப் போன்ற கருந்தோல் உடையவர்களுக்குப் பற்றாக்குறை இன்னும் எளிதில் ஏற்படும். நோர்வே மக்கள் குளிர்காலத்தில் கொட் மீனின் ஈரல் எண்ணெய் குடிப்பது நெடுநாள் வழக்கம். உங்கள் மகளைத் தமது குடும்ப மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்டு, தேவையான அளவை அறிந்துகொள்ளுமாறும், பகல் வெளிச்சமுள்ள வேளையில் சிறிது நேரமாவது வெளியே நடக்குமாறும் கூறுங்கள்.

தம்பலகாமத்தில் வயல் செய்யும் வாசகர்: மலையும் பனியுமான அந்த நாட்டில் விவசாயம் உண்டா? மழை எப்படி?

உண்டு, ஆனால் பயிர் நிலம் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கே. புல்லும் வாற்கோதுமையும் உருளைக்கிழங்கும் முதன்மையானவை. மேற்கே ஹார்டங்கர் நுழைகழியின் சரிவுகளில், 60 பாகை அகலக்கோட்டில், அப்பிளும் செரியும் காய்ப்பது முன்னர் கூறிய கடற்காற்றின் கொடை.

மழை இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது. மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரம் ஆண்டுக்கு 2,200 மில்லிமீற்றருக்கும் கூடுதலான மழையைப் பெறுகிறது. நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,600. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான வாடைக்காலத்தில் கொட்டித் தீர்த்துவிடும். பேர்கனில் ஆண்டில் 200 நாள்களுக்கு மேல் மழை. ஆனால் அதே மலைகளின் கிழக்கே, மழைநிழலில் கிடக்கும் ஸ்கியோக் பகுதியில் ஆண்டு முழுவதும் 300 மில்லிமீற்றர்கூடப் பெய்வதில்லை. அங்குள்ள விவசாயிகள் நூற்றாண்டுக் கணக்காக மலைப்பனி உருகும் நீரை வாய்க்கால் வெட்டியும், மரத்தைக் குடைந்த பீலிகளில் ஏற்றியும் வயலுக்குக் கொண்டுவந்தார்கள். கந்தளாய்க் குளத்து நீரில் வயல் செய்யும் உங்களுக்கு, ஐரோப்பாவின் வடகோடியிலும் நீர்ப்பாசனத்தை நம்பி வாழ்ந்த விவசாயிகள் இருந்தார்கள் என்பது நெருக்கமான செய்தியாக இருக்கும்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனிக்கட்டியின் பாரத்தால் அமிழ்ந்திருந்த நிலம், அது உருகியபின் மெல்ல மெல்ல மேலெழுந்தது, இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. ஒஸ்லோவைச் சுற்றி, இன்றைய கடல் மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் மேலே பழைய கடற்கரைகளின் அடையாளங்கள் உள்ளன. முன்னர் கடலடியில் படிந்த களிமண்ணே இன்று அந்நாட்டின் வளமான தானிய நிலம். ஆயின் அந்தக் களியிலிருந்த உப்பை நிலத்தடி நன்னீர் காலப்போக்கில் கழுவிவிட்டால், துகள்களைப் பிடித்து வைத்திருந்த கட்டு தளர்ந்து, ஒரு சிறு அதிர்விலேயே மண் முழுவதும் நீராக ஓடிவிடக்கூடும். 2020 டிசெம்பர் 30 ஆம் நாள் யெர்ட்ரும் என்னும் ஊரில் இவ்வாறு நிலம் சரிந்து, வீடுகளோடு பத்துப் பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று.

நிலாவெளியில் கருவாடு வியாபாரம் செய்யும் வாசகி: அங்கே மீனை உப்பில்லாமலே காயவைக்கிறார்களாமே?

ஆம். ஜனவரி முதல் ஏப்ரல்வரை கொட் மீன்கள் பாரென்ட்ஸ் கடலிலிருந்து லொபோட்டன் கரைக்கு முட்டையிட வருகின்றன. பிடித்த மீனின் தலையையும் குடலையும் நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரப் பந்தல்களில் தொங்கவிடுகிறார்கள். பெப்ரவரி முதல் மே வரை அவை காற்றில் ஆடிக் காய்கின்றன. உப்பு தேவைப்படாததற்குக் காரணம் காலநிலையே. அந்த மாதங்களில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்கிறது. ஆதலால் ஈயும் இல்லை, அழுகலும் இல்லை. அதைவிடக் கடுமையாகக் குளிர்ந்தாலோ தசைக்குள் பனிக்கட்டி உண்டாகி மீன் பதங்கெட்டுவிடும். நம் கரையில் மீனைக் கீறி உப்பிடாமல் வைத்தால் ஒரு பகல்கூடத் தாங்காது. லொபோட்டனின் காய்ந்த மீன் இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் ஏற்றுமதியாகிறது. நைஜீரியர் அதன் தலையையும் விரும்பி வாங்குகிறார்கள்.

குச்சவெளியிலிருந்து வாசகர் ஒருவர்: 2004 இல் எங்களைத் தாக்கியது போன்ற சுனாமி அங்கும் வருமா?

நமது சுனாமியைப் பூகம்பம் உண்டாக்கியது. நோர்வே கண்டத்தகட்டின் எல்லையிலிருந்து தொலைவில் இருப்பதால், அத்தகைய பெரும் பூகம்பங்கள் அங்கு நிகழ்வதில்லை. ஆனால் ஒடுங்கிய நுழைகழிகளுக்குள் மலைப்பாறை சரிந்து விழும் ஆபத்து உண்டு. 1934 ஏப்ரல் 7 ஆம் நாள் அதிகாலையில் டாபியோர்டில் பெரும் பாறைத்திரள் நீரில் வீழ்ந்தது. எழுந்த அலை விழுந்த இடத்தருகே 62 மீற்றர்வரை உயர்ந்து ஏறியது. கரையோரத்து ஊர்களில் நாற்பது பேர் மாண்டனர். நீர் அகன்று பரவ இடமில்லாத குறுகிய கழிக்குள் அலை எழும்போது, தப்பி ஓடக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே.

அதற்கு அருகிலேயே, உலக மரபுரிமைப் பட்டியலில் 2005 இல் சேர்க்கப்பட்ட கெய்ராங்கர் நுழைகழிப் பகுதியில், ஓக்னெசெட் என்னும் மலைச்சரிவில் ஒரு வெடிப்பு ஆண்டுதோறும் சில சென்ரிமீற்றர் அகன்றுவருகிறது. அது ஒருநாள் சரியும் என்பதை ஏற்றுக்கொண்டு, கருவிகள் பொருத்தி இரவு பகலாக அதைக் கண்காணிக்கிறார்கள். சரிவதற்கு முன் அசைவு வேகமெடுக்கும் என்பதால், மக்களை முன்கூட்டியே வெளியேற்றுவதற்கான ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. எச்சரிக்கை எதுவும் கிடைக்காமல் உறவுகளைப் பறிகொடுத்த நம் கரையோர மக்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

கிண்ணியா மாணவர் ஒருவர்: பொது அறிவுப் போட்டிக்காக நோர்வேயின் அடிப்படைத் தகவல்களைத் தருவீர்களா? அது ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளதா?

ஸ்வால்பார்ட் முதலிய தூரத் தீவுகளை நீக்கினால் நோர்வேயின் பரப்பு ஏறத்தாழ 324,000 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல் ஐந்து மடங்கு. மக்கள் தொகையோ ஏறத்தாழ 55 இலட்சம்; நமது தொகையில் காற்பங்கு. தலைநகர் ஒஸ்லோ, 1925 வரை அதன் பெயர் கிறிஸ்டியானியா. அயல் நாடுகள் சுவீடன், பின்லாந்து, ரஷ்யா. மிக உயர்ந்த சிகரம் கல்ட்ஹோப்பிக்கன், 2,469 மீற்றர். நமது பீதுருதாலகால அதைவிட உயரமானது, 2,524 மீற்றர். மிக நீளமான ஆறு குளோம்மா, மிகப் பெரிய ஏரி மியோசா. மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதி நீர்வீழ்ச்சிகளிலிருந்து பெறப்படுகிறது. வடகடலில் எக்கோபிஸ்க் எண்ணெய் வயல் 1969 இல் கண்டறியப்பட்டது. அரசியலமைப்பு 1814 மே 17 இல் உருவானது. சுவீடனுடனான இணைப்பு 1905 இல் முடிவுற்றது. அது அரசியலமைப்புக்குட்பட்ட முடியாட்சி, நாணயம் குரோன். வடக்கே வாழும் ஆதிக்குடிகளான சாமி மக்களுக்குக் கராஸ்யோக்கில் தனி நாடாளுமன்றம் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நோர்வே இல்லை. 1972 இலும் 1994 இலும் நடத்தப்பட்ட மக்கள் தீர்ப்புகளில் இணைய வேண்டாம் என்றே பெரும்பான்மையினர் வாக்களித்தனர். தமது கடலின் மீன்வளத்தின் மீதான உரிமை கைநழுவும் என்ற கரையோர மக்களின் அச்சம் அதற்கொரு முக்கிய காரணம். எனினும் அந்நாடு ஐரோப்பியப் பொருளாதார வலயத்திலும், எல்லைச் சோதனையின்றிப் பயணிக்க வழிசெய்யும் செங்கன் உடன்பாட்டிலும் பங்குகொள்கிறது. போட்டியில் இந்த வேறுபாட்டைக் கேட்பார்கள், கவனமாக எழுதுங்கள்.